560 எஸ்இசி மந்தமான காரா?

"மெர்சிடிஸ் 560 எஸ்இசியை எல்லாரும் ஆகா ஓகோ என்கிறார்கள். போன மாதம் தெரிந்தவர் ஒருவரின் காரை ஓட்டிப் பார்த்தேன். மிதித்தால் உடனே கிளம்பவில்லை. ஸ்டீயரிங் கப்பல் திருப்புவது போல இருந்தது. 300 குதிரைத்திறன் எங்கே போனது? இதில் அப்படி என்ன இன்ஜினியரிங் இருக்கிறது? வாங்கலாமா?" இதுதான் உங்கள் கேள்வி.

நீங்கள் உணர்ந்தது பொய்யில்லை. ஆனால் அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பாதி, ஷ்டுட்கார்ட்டில் அந்த காரை வடிவமைத்தவர்கள் தெரிந்தே வைத்தது. மறு பாதி, முப்பத்தைந்து வருடத்தில் தேய்ந்தும் காய்ந்தும் போனது. எது எந்தப் பாதி என்று தெரியாமல் இந்த காருக்குத் தீர்ப்புச் சொன்னால் பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். தென் ஜெர்மனியில் பழைய மெர்சிடிஸ்களை மட்டும் பார்க்கும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருடம் இருந்தேன். அங்கே வந்த எஸ்இசிகளில் பாதிக்கு மேல் "வண்டி இழுக்கவில்லை" என்ற புகாரோடுதான் வந்தன. அவற்றில் சிலவற்றில் ஒரு கோளாறும் இருக்காது.

முதலில் கார் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெர்சிடிஸின் பெரிய கூபே, அதாவது இரண்டு கதவு கார், 1960களில் எஸ் கிளாஸ் செடானின் உடம்பிலிருந்து பிறந்தது. 1971-ல் வந்த எஸ்எல்சி அந்த வழியை விட்டுவிட்டு, இரண்டு இருக்கை எஸ்எல் காரை நீட்டி நான்கு பேர் உட்காரும்படி செய்ததாக இருந்தது. அழகான வண்டிதான், ஆனால் பின் ஜன்னலுக்குப் பக்கத்தில் பட்டை பட்டையாக ஒரு தடுப்பு வைக்க வேண்டி வந்தது. நீட்டிய கதவுக் கண்ணாடி முழுதாக இறங்காது என்பதற்கான ஒட்டுவேலை அது. 1981 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் எஸ்இசி வந்தபோது மீண்டும் செடானுக்கே திரும்பினார்கள். 1979-ல் வந்த டபிள்யூ126 எஸ் கிளாஸின் அடித்தளத்தை எடுத்து, சக்கர இடைவெளியை 2,935 மில்லிமீட்டரிலிருந்து 2,850-ஆகக் குறைத்து, மேலே புது உடம்பு போட்டார்கள். வடிவமைப்புத் துறைக்குத் தலைவர் புரூனோ சாக்கோ. செடானின் நிமிர்ந்த கிரில்லுக்குப் பதில் எஸ்எல்லின் படுத்த முகம், நடுவில் பெரிய நட்சத்திரம். காற்றுத்தடை எண் 0.34. அந்த அளவு பெரிய காருக்கு 1981-ல் அது நல்ல எண். செடானுக்கு 0.36.

ஆரம்பத்தில் 380, 500 என்று இரண்டே வகை, இரண்டும் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின். 1985 செப்டம்பரில் மாற்றியமைத்தபோது 380 போய் 420 வந்தது. மேலே 560 சேர்ந்தது. 1991 வரை மொத்தம் 74,060 கார்கள் செய்தார்கள். அதில் 560 மட்டும் 28,929. அபூர்வம் என்று சொல்லி விலை ஏற்றுகிறவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

சரி, இன்ஜினியரிங். எல்லாரும் இன்ஜினில் ஆரம்பிப்பார்கள். நான் கதவில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்த காரின் மொத்தக் குணமும் அங்கேதான் இருக்கிறது.

எஸ்இசியில் முன் கதவுக்கும் பின் ஜன்னலுக்கும் நடுவில் தூண் கிடையாது. நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டால் முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு. பார்க்க அழகு. ஆனால் அந்தத் தூணை எடுத்த மறு நிமிடமே ஒரு தலைவலி வருகிறது: சீட் பெல்ட்டை எங்கே கட்டுவது? சாதாரண காரில் அது தூணில், உங்கள் தோளுக்குப் பக்கத்திலேயே தொங்கும். இங்கே அது பின் இருக்கைக்குப் பக்கத்துச் சுவரில் போய்விடுகிறது. கூபே என்பதால் கதவும் நீளம், இருக்கையும் முன்னால். பெல்ட்டை எடுக்க முதுகை முறுக்கிக் கையைப் பின்னால் விட வேண்டும். வேறு கம்பெனியாக இருந்தால் "எட்டி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டிருப்பார்கள்.

இவர்கள் ஒரு கையைச் செய்தார்கள். கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினால், பக்கச் சுவரிலிருந்து மெலிதான ஒரு பிளாஸ்டிக் கை மெல்லிய மோட்டார் சத்தத்தோடு நீண்டு, பெல்ட்டை உங்கள் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நீட்டும். நீங்கள் வாங்கி மாட்டியதும் உள்ளே போய்விடும். கொஞ்ச நேரம் வாங்காமல் இருந்தாலும் தானே பின்வாங்கிவிடும், வற்புறுத்தாது. ஹோட்டலில் பக்கத்தில் நின்று துண்டு நீட்டும் ஆள் போல. முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை.

விஷயம் என்னவென்றால், தூண் இல்லாத அழகை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, பெல்ட் போடாமல் ஆள் ஓட்டுவதையும் ஏற்க முடியவில்லை. ஆகவே நடுவில் ஒரு மோட்டார், ஒரு பல்சக்கரத் தொகுதி, கதவு சாத்தியதா என்று பார்க்கும் சுவிட்ச், பெல்ட் மாட்டியதா என்று பார்க்கும் சுவிட்ச் எல்லாம் சேர்த்தார்கள். செலவு, எடை, சிக்கல். ஓட்டுபவருக்கு மிச்சமாவது ஒரு தோள்பட்டைத் திருப்பம். இதே மனநிலையைத்தான் நீங்கள் கால் வைத்த ஏக்சிலரேட்டரிலும் சந்தித்தீர்கள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

பாதுகாப்பு பற்றி ஒரு வரி. டபிள்யூ126-ஐ வடிவமைக்கும்போதே, எதிரே வரும் வண்டி முழு முகத்தில் அல்லாமல் ஒரு பக்கமாக மோதினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கில் எடுத்தார்கள். நிஜ விபத்துகள் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கின்றன. ஓட்டுநருக்கான ஏர்பேக்கும் இதே குடும்பத்தில்தான் விருப்பத் தேர்வாக வந்தது. கூபே கதவை ஒருமுறை சாத்திப் பார்த்திருப்பீர்கள். அந்த "டப்" சத்தத்தை விளம்பரத்துக்காகச் செய்யவில்லை, எடையே அப்படி. கதவுக் கீலில் தேய்மானம் இருந்தால் கதவு திறந்தவுடன் ஒரு நூல் கீழே இறங்கும், அதைக் கவனியுங்கள்.

இனி இன்ஜின். 560-ல் இருப்பது எம்117 குடும்பத்து வி8. சிலிண்டர் விட்டம் (போர்) 96.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 94.8 மில்லிமீட்டர், மொத்தம் 5,547 சிசி. பக்கத்துக்கு ஒரு கேம்ஷாஃப்ட் (வால்வைத் திறக்கும் தண்டு), சிலிண்டருக்கு இரண்டு வால்வு. காகிதத்தில் பார்த்தால் 1980களுக்கே பழைய பாணி. பிளாக் அலுமினியம். உள்ளே இரும்பு லைனர் கிடையாது. சிலிக்கன் அதிகம் கலந்த அலுமினியத்தை வார்த்து, சிலிண்டர் சுவரில் மேல் அலுமினியத்தை மட்டும் அரித்து எடுத்தால், கடினமான சிலிக்கன் துகள்கள் வெளியே நிற்கும். பிஸ்டன் உரசுவது அவற்றின் மேல்தான். பிஸ்டனுக்கு இரும்புப் பூச்சு. சரியாக ஆயில் மாற்றி ஓட்டிய இன்ஜினைத் திறந்து பார்த்தால், பல லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகும் சுவர் சாம்பல் நிறத்தில் கோடு விழாமல் இருக்கும். நானே பார்த்திருக்கிறேன்.

இந்த அலுமினிய வி8 முதலில் வந்தது 1977-ல், 450 எஸ்எல்சி 5.0-ல். இந்தச் சொகுசு கூபேயை ஐவரி கோஸ்டில் ஓட்டி 1979 பந்தாமா ராலியில் முதல் நான்கு இடங்களையும் மெர்சிடிஸ் பிடித்தது. முதலில் வந்தவர் ஹன்னு மிக்கோலா. சேறும் புழுதியுமாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், தானியங்கி கியர் வைத்த சொகுசு கார்கள். மெலிந்த, கோபக்கார இன்ஜினாக இருந்திருந்தால் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது.

புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத ஐரோப்பிய 560-க்கு 300 குதிரைத்திறன், 3,750 சுழற்சியில் 455 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. கன்வெர்ட்டர் வைத்ததுக்கு 279. அமெரிக்காவுக்குப் போனது 240 சொச்சம்தான். உங்கள் நண்பருடையது எது என்று முதலில் கேளுங்கள். மூன்றும் ஒரே பெயர்ப்பலகையோடு ஓடுகின்றன. பின்பக்கம் '560 எஸ்இசி' என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து 300 எதிர்பார்த்தால், ஐம்பது குதிரை ஏமாந்திருப்பீர்கள்.

முழு சக்தி உள்ள கார் பூஜ்யத்திலிருந்து நூறைச் சுமார் ஏழு வினாடியில் தொடும், 250 வரை போகும். அப்படியிருந்தும் ஏன் மந்தமாகத் தெரிகிறது?

காரணம் ஒன்று, பெடல். இந்த காரின் ஏக்சிலரேட்டர் பயணம் மிக நீளம். இன்றைய கார்களில் முதல் கால் பங்கு மிதியிலேயே பாதி சக்தி வந்துவிடும், ஷோரூமில் வாங்க வருபவர் சொக்கிப்போவதற்காக. இங்கே அதற்கு நேர்எதிர். முதல் பகுதி மிதி முழுவதும் நெரிசலில் ஊர்வதற்கு. கொஞ்சம் ஆழமாகப் போனால்தான் சக்தி வரும். அடியில் ஒரு அழுத்தம் உண்டு, அதைத் தாண்டி மிதித்தால் கிக்டவுன், அதாவது பெட்டி தானே கீழ் கியருக்கு இறங்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் தலை ஆடாமல் போக வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள். புது கார் பழகிய கால் முதல் கால்பங்கிலேயே நின்றுவிடுகிறது, "இழுக்கவில்லை" என்கிறது.

இரண்டாவது, கியர். நான்கு கியர் தானியங்கிப் பெட்டி. நான் கையாண்ட கார்களில் பெரும்பாலானவை மெதுவாகக் கிளம்பும்போது இரண்டாவது கியரிலேயே புறப்படும். முதல் கியர் ஒளிந்திருக்கும்; பலமாக மிதித்தால்தான் வரும். இதுவும் குலுங்காமல் கிளம்புவதற்காகத்தான். சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்துச் சின்ன கார் இரண்டு கார் நீளம் முன்னால் போய்விடும். அந்த அவமானத்தைத் தாங்க முடியாதவர்களுக்கு இந்த கார் சரிப்படாது.

ஸ்டீயரிங் விஷயமும் அப்படியே. இன்றைய கார்களில் இருக்கும் ரேக் அண்ட் பினியன் அல்ல, பெட்டிக்குள் உருளும் குண்டுகள் வழியாகத் திருப்பும் ரீசர்குலேட்டிங் பால் வகை. ஓரத்திலிருந்து ஓரம் சுமார் மூன்று சுற்று. நடுவில் கொஞ்சம் ஊமையாக இருக்கும். 200-ல் போகும்போது தும்மினால் பக்கத்துத் தடத்துக்குப் போகக்கூடாது அல்லவா? அதற்காக. சஸ்பென்ஷன், முன்புறம் இரட்டை விஷ்போன் வகை. பிரேக் போட்டால் மூக்கு முங்காதபடி கோணம் வைத்திருக்கிறார்கள். பின்புறம் செமி டிரெய்லிங் ஆர்ம் வகை. பலமாக மிதித்தால் பின்பக்கம் உட்காராதபடி அங்கேயும் ஒரு ஏற்பாடு. மிதித்தால் முன் தூக்குவதும், பிரேக்கில் முங்குவதும்தான் நம் உடம்புக்கு வேகத்தைச் சொல்லும் அடையாளங்கள். இரண்டையும் எடுத்துவிட்டால், கார் வேகமாகப் போவது உங்களுக்குத் தெரியாது. ஸ்பீடோமீட்டருக்கு மட்டும் தெரியும்.

இதை நான் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஷ்டுட்கார்ட்டிலிருந்து ஊல்முக்குப் போகும் ஏ8 சாலையில் ஷ்வேபிஷ் ஆல்ப் மலையேற்றம் ஒன்று உண்டு. லாரிகள் வலது ஓரத்தில் முக்கி முனகி ஏறும். பழுது பார்த்த கார்களைச் சோதிக்க அங்கேதான் கொண்டுபோவோம். ஏற்றத்தின் அடியில் 100-ல் நான்காவது கியரில் போய்க்கொண்டிருக்கும். காலை மெதுவாக, நிறுத்தாமல், முக்கால் வரை இறக்கினால் கியர் மாறாது, சத்தமும் பெரிதாக ஏறாது. பானெட்டின் நுனியில் நட்சத்திரம்கூட இல்லை, பார்த்துக்கொண்டிருக்க. சாலை மட்டும் சத்தமில்லாமல் உங்களை நோக்கி வர ஆரம்பிக்கும். மேலே ஏறி முடித்தபோது பார்த்தால் 160. ஏறினோமா, சமதளத்தில் வந்தோமா என்று காலுக்குத் தெரியாது. முதல்முறை அதை உணர்ந்த அன்றுதான், இரண்டாவது கியர் கிளம்பலை நான் மன்னித்தேன்.

அதே காலத்து பிஎம்டபிள்யூ 635 சிஎஸ்ஐயை அதே ஏற்றத்தில் ஓட்டினால் கை, கால், காது மூன்றுக்கும் வேலை. சந்தோஷமாக இருக்கும். வளைவு நிறைந்த கிராமத்துச் சாலை என்றால் நான் அதைத்தான் எடுப்பேன், தயங்காமல். ஆனால் 600 கிலோமீட்டர் தள்ளி இறங்கியதும் ஒரு கூட்டத்தில் உட்கார வேண்டும் என்றால் எஸ்இசி. இரண்டும் ஒரே வேலைக்குச் செய்த கார்கள் அல்ல, பத்திரிகைகள்தான் வருடாவருடம் மோதவிட்டன.

ஆக, பெடல், கியர், ஸ்டீயரிங் மூன்றிலும் அந்த நிதானம் வைக்கப்பட்டது. இது முதல் பாதி.

இப்போது மறு பாதி, தேய்ந்தது. உங்கள் நண்பரின் காரில் இதுவும் கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

முதலில் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் பெடலை அடிவரை மிதிக்கட்டும். இன்னொருவர் பானெட்டைத் திறந்து இன்ஜினுக்குக் காற்றை விடும் மடலான த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்று பார்க்கட்டும். பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் இந்த காரில் கம்பிகளும் நெம்புகோல்களும் பிளாஸ்டிக் புஷ்களும் வரிசையாக இருக்கின்றன. புஷ் ஒவ்வொன்றும் கொஞ்சம் தேய்ந்தால், அடிவரை மிதித்தும் த்ராட்டில் முக்கால்தான் திறக்கும். எத்தனையோ எஸ்இசிகள் வருடக்கணக்காக முக்கால் த்ராட்டிலில் ஓடிக்கொண்டிருந்தன, உரிமையாளருக்கே தெரியாமல். சில்லறை விலை புஷ்ஷும் அரை மணி நேர சரிசெய்தலும் போதும்.

கியர் மாறும்போது உதைக்கிறதா? பெட்டியே போச்சு என்று பயப்படுவதற்கு முன் வேக்குவம் (காற்று உறிஞ்சல்) குழாய்களைப் பாருங்கள். இந்த காரில் கியர் எவ்வளவு மென்மையாக மாற வேண்டும் என்பதை இன்ஜினின் வேக்குவம் சொல்கிறது. கதவுப் பூட்டு, ஏசி மடல்கள் எல்லாமும் வேக்குவத்தில்தான். எங்கோ ஒரு ரப்பர் முனை வெடித்தால் கியர் உதைக்கும்.

ஐடிலிங் ஏறி இறங்குவது பற்றி ஒரு கதை. ஒரு 560 வந்தது. நிறுத்தினால் இன்ஜின் 500-க்கும் 1,100-க்கும் நடுவில் ஊஞ்சலாடும், சிலநேரம் ஏபிஎஸ் விளக்கும் எரியும். முன்பு போன ஒர்க்‌ஷாப்பில் எரிபொருள் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றியிருந்தார்கள். கேஇ ஜெட்ரானிக் என்ற இந்த காரின் எரிபொருள் அமைப்பில் விலை அதிகமான பாகமே அதுதான். பிறகும் ஊஞ்சல் நிற்கவில்லை. இரண்டாவது முறை ஏர் ஃப்ளோ தகட்டை நோண்டியிருந்தார்கள். எங்கள் பெரியவர் ஏபிஎஸ் விளக்கைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்டார், உள்ளே கையை விட்டு, மேல்பக்கம் ஃபியூஸ் வைத்த ஒரு குட்டி ரிலேயைக் கழற்றினார். அதிக வோல்டேஜ் வந்தால் கம்ப்யூட்டர்களைக் காப்பாற்றுவதற்கான ரிலே அது. மூடியைத் திறந்து லென்ஸில் காட்டினார். சர்க்யூட் பலகையில் ஒரு ஈயப் பற்றைச் சுற்றி, முடி அளவு, வட்டமாக ஒரு வெடிப்பு. சூடானால் தொடர்பு விட்டுப்போகும். ஏபிஎஸ்ஸுக்கும் ஊசி வழி எரிபொருள் கம்ப்யூட்டருக்கும் ஒரே ரிலே மின்சாரம் கொடுப்பதால் இரண்டு புகாரும் சேர்ந்தே வந்திருக்கின்றன. வாடிக்கையாளர் அந்த ரிலேயைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தைய பில் தொகை மனசுக்குள் ஓடியிருக்கும்.

கார் திக்கித் திணறாமல், ஆனால் குழியில் தடதடவென்று அடிக்கிறதா? 560-களில் பின் சக்கரங்களுக்கு, எடை ஏறினாலும் பின்பக்கம் தாழாமல் பார்த்துக்கொள்ளும் ஹைட்ராலிக் அமைப்பு இருக்கும். அதில் நைட்ரஜன் அடைத்த உருண்டைகள் உண்டு. நைட்ரஜன் வெளியேறிவிட்டால் ஸ்பிரிங் இல்லாத மாட்டுவண்டி மாதிரி அடிக்கும். உருண்டையை மாற்றினால் சரி. ஆனால் அதைவிட அடிக்கடி நான் பார்க்கும் காரணம் வேறு: 18 அங்குல அலாய் வீல், ரிப்பன் மாதிரி டயர். 560-க்குத் தொழிற்சாலையில் போட்டது 15 அங்குலம், 215/65. அந்த உயரமான ரப்பர் பக்கச்சுவர் சஸ்பென்ஷனின் ஒரு பாகம். அதைப் பிடுங்கிவிட்டு கார் கரடுமுரடு என்று சொல்வது நியாயமில்லை.

ஸ்டீயரிங்கில் நடுவே கொஞ்சம் ஊமை என்றேன். ஆனால் இரண்டு விரல் அகலம் திருப்பியும் சக்கரம் அசையவில்லை என்றால் அது தேய்மானம். இங்கே எல்லாரும் செய்யும் தப்பு, ஸ்டீயரிங் பெட்டியின் தலையில் இருக்கும் திருகை இறுக்குவது. ஆட்டம் போகும், ஆனால் வளைவிலிருந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது, பெட்டியும் உள்ளே அரைபடும். முதலில் பெட்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் ஐட்லர் ஆர்ம் புஷ், டை ராட், ஸ்டீயரிங் டேம்பர் இவற்றைப் பாருங்கள். பத்தில் எட்டு முறை அங்கேயே கதை முடியும்.

இன்ஜினின் உயிர் போகிற விஷயம் ஒன்றே ஒன்று, கேம்ஷாஃப்ட்டைச் சுற்றவைக்கும் டைமிங் செயின். 560-ல் இரட்டைச் செயின், அது நல்லது. (அமெரிக்காவுக்குப் போன ஆரம்பகால 380-ல் ஒற்றைச் செயின், அதைத் தொடவே வேண்டாம்.) செயின் அல்ல, அதை வழிநடத்தும் பிளாஸ்டிக் ரெயில்கள்தான் பிரச்சினை. வெப்பத்தில் வருடக்கணக்காக வெந்து கருஞ்சிவப்பாகி, பிஸ்கெட் போல ஆகிவிடும். ஒருநாள் ஒரு துண்டு உடைந்து செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் விழுந்தால் செயின் தாவும், வால்வு பிஸ்டனில் மோதும், அப்புறம் பேச்சே இல்லை. வால்வு கவரைக் கழற்றினாலே மேல் ரெயில்களின் நிறம் தெரியும். அதே சமயம் கேம்ஷாஃப்ட்டுக்கு ஆயில் தெளிக்கும் குழாய்களின் பிளாஸ்டிக் இணைப்புகளையும் பார்த்துவிடுங்கள். ஒன்று கழன்றிருந்தாலும் கேம் தேயும். காரை விற்பவர் வால்வு கவரைத் திறக்க ஒப்புக்கொள்ளவில்லை என்றால் நான் கிளம்பிவிடுவேன்.

துருவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இன்ஜினை மாற்றலாம், உடம்பை மாற்ற முடியாது. பின் கண்ணாடியின் கீழ் மூலைகள் இரண்டும் முதல் எதிரி. அங்கே துருப்பிடித்தால் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கும். டிக்கி விரிப்பைத் தூக்கி ஓரங்களைத் தடவிப் பாருங்கள். அடுத்து, பக்கவாட்டில் கதவுக்குக் கீழே ஓடும் பிளாஸ்டிக் பட்டைகளுக்குள்ளே. பார்க்கச் சுத்தமாக இருக்கும், கழற்றினால் மண்ணும் ஈரமும். ஜாக்கி வைக்கும் இடங்களை ஒரு மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஒரே ஒரு ஆறுதல்: 1990களின் முதல் பாதியில் வந்த மெர்சிடிஸ்களில் ஒயர்களின் மேலுறை தானே பொடிந்து உதிரும் தொல்லை இருந்தது. எஸ்இசி அதற்கு முந்தைய தலைமுறை, தப்பித்தது.

மெர்சிடிஸ் கார்களை மாற்றியமைத்துச் சக்தி கூட்டும் ஏஎம்ஜி பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். அகல உடம்பும், சிலிண்டருக்கு நான்கு வால்வும், 6 லிட்டருமாக அவர்கள் செய்த எஸ்இசிகள் இன்று ஏலத்தில் வேறு உலக விலைக்குப் போகின்றன. அந்தக் காலத்திலேயே உடம்பை மட்டும் அகலப்படுத்தி நட்சத்திரம் ஒட்டியவை ஏராளம். ஒரிஜினல் ஆவணம் இல்லாத எதையும் சாதாரண 560 விலைக்கு மேல் யோசிக்காதீர்கள். எனக்குத் தனிப்பட்ட முறையில் அவை பிடிக்காது. நிதானத்துக்காக இவ்வளவு பாடுபட்டுச் செய்த காரை எதற்கு உறுமவைக்க வேண்டும்?

வாங்கலாமா என்றால், 560-தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால் 1985-க்குப் பிந்தைய 500-ஐப் பாருங்கள். ஓட்டும் சுகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, விலையில் தெரியும். 420 இன்னும் மென்மையான இன்ஜின், மொத்தமே 3,680 கார்கள்தான் செய்தார்கள், ஆனால் யாரும் தேடுவதில்லை. பெட்ரோல் கணக்கு எதிலும் இனிக்காது. 560 ஊருக்குள் 100 கிலோமீட்டருக்கு 18 லிட்டர் குடிப்பதை நான் சாதாரணமாகப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் நண்பரிடம் இன்னொரு முறை சாவி கேளுங்கள். குளிர்ந்த இன்ஜினாக இருக்கும்போது போங்கள். ஸ்டார்ட் செய்த முதல் சில வினாடி செயின் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுங்கள். சூடான பிறகு ஐடிலில் ஆயில் அழுத்த முள் கொஞ்சம் இறங்கும், அது சரி. லேசாக மிதித்ததும் உச்சியில் 3-க்குப் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். பிறகு நீளமான ஒரு ஏற்றத்துக்குப் போய், போன தடவை மிதித்ததைவிட இரண்டு அங்குலம் ஆழமாகக் காலை இறக்குங்கள், அவசரமில்லாமல். கிளம்புவதற்கு முன் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பிவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் கை வருகிறதா என்று பாருங்கள். உள்ளே 'கரகர' என்று சத்தம் மட்டும் கேட்டு கை வரவில்லை என்றால் பல்சக்கரம் மொட்டையாகிவிட்டது. மாற்று பல்சக்கரம் இப்போது தனியாகக் கிடைக்கிறது, பக்கச் சுவர் அட்டையைக் கழற்றினால் ஒரு மத்தியான வேலை. நான் இருந்திருந்தால் இன்ஜினைத் தொடுவதற்கு முன் அதைத்தான் சரி செய்வேன்.